மூன்றுக்கு இரண்டு என்று பெயர் வைத்தேன்

ஒரு கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை எண்ணுக்காக ஒரு மனிதரோடு இரண்டு வருஷம் சண்டை போட்டேன். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். என் வீட்டுக்காரருக்கே வந்தது. ஆனால் அந்தச் சண்டையில் நான் எழுதியது அத்தனையும் சரி. இன்றைக்கும் அதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன். அதனால்தான் எனக்கு என் மேல் இவ்வளவு ஆத்திரம்.

பகலில் புதுச்சேரியில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். மிச்ச நேரத்தில், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைத் தொகுத்துக் கொடுக்கிற டிஸ்ட்ரோ ஒன்றுக்குப் பேக்கேஜ் கட்டுகிறேன். சம்பளம் கிடையாது, கூலி கிடையாது, கல்யாண வீட்டில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் சொல்லிப் புரிய வைக்கவும் முடியாது. எங்கோ ஒருவர் ஒரு புரோகிராமை எழுதி இணையத்தில் போட்டுவிடுகிறார். அதை எடுத்து, எல்லாருடைய கணினியிலும் ஒழுங்காகப் போய் உட்காரும்படி கட்டி, அது ஓடுவதற்கு வேறு என்னென்ன வேண்டும் என்று பட்டியல் எழுதி வைப்பது எங்கள் வேலை. அந்தப் பட்டியல் தப்பானால் எல்லாம் தப்பு.

பத்துப் புரோகிராம்களுக்கு ஒரே வேலை தேவைப்பட்டால் பத்தும் அதைத் தனித்தனியாகச் செய்துகொள்வதில்லை. ஒரு லைப்ரரியில் ஒரே தடவை எழுதி வைப்பார்கள், பத்தும் அங்கே போய் எடுத்துக்கொள்ளும், தெருக்குழாயில் பத்து வீடும் தண்ணீர் பிடிப்பது மாதிரி. லைப்ரரியின் பெயருக்குப் பின்னால் ஓர் எண் இருக்கும். உள்ளே இருப்பதை இடம் மாற்றி வைத்தால் அந்த எண்ணையும் மாற்றியாக வேண்டும். இரண்டு என்று இருந்தது மூன்றாக வேண்டும். அப்போது இரண்டை நம்பிக் கட்டிய பழைய புரோகிராம் மூன்றைத் தொடாது. "இரண்டு கிடைக்கவில்லை" என்று ஒரு வரி சொல்லிவிட்டு நின்றுவிடும். நாங்கள் அந்தப் புரோகிராம்களை ஒவ்வொன்றாக எடுத்து மூன்றோடு சேர்த்துப் புதிதாகக் கட்டிக் கொடுப்போம், அதுவரை இரண்டையும் எடுக்காமல் பக்கத்திலேயே வைத்திருப்போம். அப்படி நின்றுபோவதைப் பார்த்துப் புதியவர்கள் பதறுவார்கள். எங்களுக்கு அது புரோகிராமின் நல்ல குணம்.

இந்த வேலைக்கு நான் வந்தது என் அண்ணனுக்காக. அண்ணன் பிரெஞ்சு வாத்தியார். அப்பா மில்லில் வேலை பார்த்தவர். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பிரெஞ்சு குடியுரிமை கிடையாது, பிரெஞ்சு பேசிய முதல் ஆள் அண்ணன்தான். கண்ணில் அழுத்தம் ஏறி, நாற்பது வயதுக்குள் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. வேலை பார்த்த பள்ளிக்கூடம் ரொம்ப மரியாதையாக அவனை வெளியே அனுப்பியது. அதற்குப் பிறகு அரியாங்குப்பத்தில் வீட்டிலேயே டியூஷன். பிரான்சுக்குப் போகக் காத்திருக்கிற குடும்பத்துப் பிள்ளைகள் வந்து அவனை "முசே, முசே" என்று கூப்பிட்டுக்கொண்டு படிப்பார்கள்.

நான் அவனுக்கு ஒரு லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் புரோகிராமை வைத்துக் கொடுத்தேன். அந்தப் புரோகிராமுக்குப் பின்னால் ஒரு சின்ன லைப்ரரி உண்டு. எழுத்தை வரிவரியாகப் பிரித்து, எத்தனை வரி என்று எண்ணி, பேசுகிற குரலிடம் கொடுப்பது அதன் வேலை. அதைக் கவனிக்க டிஸ்ட்ரோவில் ஆள் இல்லாமல் கிடந்தது. நான் எடுத்துக்கொண்டேன். அண்ணன் அந்தக் குரலை வேகமாக ஓடவிட்டுக் கேட்பான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. மெயில், பிள்ளைகள் டைப் செய்த கட்டுரை, பிரெஞ்சுப் பத்திரிகை, கரன்ட் பில் எல்லாம் அவனே படிப்பான். அண்ணி வேலைக்குப் போய்விடுவாள். பகல் முழுக்க அவன் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. அதில் அவனுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சம் இல்லை.

அந்த லைப்ரரியை எழுதியவர் ஏதோ குளிர் தேசத்துக்காரர். கெட்டிக்காரர், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் உள்ளே இஷ்டத்துக்கு இடம் மாற்றுவார், எண்ணை மட்டும் தொடவே மாட்டார். இரண்டு, எப்போதும் இரண்டு. மூன்று தடவை அப்படிச் செய்தார், மூன்று தடவையும் எங்கேயோ கண் தெரியாத யாருடைய கணினியோ உளறியது. நான் எழுதினேன். எல்லாரும் புதிதாகக் கட்டிக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். டிஸ்ட்ரோக்காரர்கள் பழைய காலத்தில் வாழ்கிறீர்கள், எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்புங்கள் என்று உபதேசம் வந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டே அவருக்கு எழுதுவேன். சாம்பார் சாதம் ஆறி இறுகிப் போகும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காத புரோகிராமைவிட ஆபத்தானது எதுவும் இல்லை என்று ஒரு தடவை எழுதினேன். அந்த வரி எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது.

இன்னொரு கூட்டத்தின் மேலும் எனக்கு எரிச்சல் உண்டு. புரோகிராம் நின்றுபோனால் ஒரு குறுக்குவழி சொல்லிக்கொடுப்பார்கள். இருப்பது மூன்றுதானே, அதற்கே இரண்டு என்று இன்னொரு பெயர் வைத்து ஒரு லிங்க் போட்டுவிடு, ஓடும் என்பார்கள். ஓடும்தான். இரண்டு என்ற பெயரைப் பார்த்ததும் புரோகிராம் ஏமாந்து மூன்றுக்குள் நுழைந்துவிடும், உள்ளே எது எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியாமல் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வரும். புதிதாக வருகிற தன்னார்வலர்கள் யாராவது இதைச் செய்தார்கள் என்று தெரிந்தால் மடலாடல் குழுவில் எல்லார் முன்னாலும் கிழிப்பேன். ஒருவர் அதோடு வேலையை விட்டே போய்விட்டார். போகட்டும் என்றுதான் நினைத்தேன்.

கடைசியில் அவர் எண்ணை மாற்றினார். லைப்ரரியின் உள்ளே மறுபடியும் இடம் மாற்றம், ஆனால் இந்தத் தடவை பெயரில் மூன்று. எனக்கு அன்றைக்குத் தரையில் கால் பாவவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். ஒரு நம்பருக்கா இத்தனை அமர்க்களம் என்று அவன் கேட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அரியாங்குப்பம் போனேன். புதிய லைப்ரரியை அண்ணனுடைய லேப்டாப்பில் போட்டுச் சோதிக்க வேண்டும். நிஜமாக ஒரு மனிதர் நாள் முழுக்கப் பயன்படுத்துகிற கணினி எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். இரண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மூன்றைப் போட வேண்டும், அதுதான் முறை. இரண்டை எடுக்காதே, படிக்கிற புரோகிராம் அதை நம்பியிருக்கிறது என்று கணினியும் எச்சரித்தது. அந்த எச்சரிக்கை வருவதற்கான பட்டியலை எழுதியவளே நான். எனக்கேவா சொல்கிறாய் என்று கட்டாயப்படுத்தி இரண்டை எடுத்தேன், மூன்றைப் போட்டேன். அரை மணி நேரத்தில் படிக்கிற புரோகிராமையும் புதிதாகக் கட்டிவிடலாம் என்று கணக்கு.

பாதியில் கரன்ட் போனது. தெருக்கோடியில் டிரான்ஸ்பார்மர் வெடித்த சத்தம் கேட்டது. லேப்டாப்பில் பேட்டரி இருந்தது, ஆனால் இணையம் செத்துவிட்டது, கட்டுவதற்கு வேண்டியவை பாதிதான் இறங்கியிருந்தன. என் போனில் அன்றைய டேட்டா தீர்ந்திருந்தது, அண்ணனுடையது பட்டன் போன். பழைய இரண்டைத் திரும்பப் போடவும் அதை இறக்கித்தான் ஆக வேண்டும். ஐந்து மணி மாணவி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய கட்டுரை லேப்டாப்புக்குள் இருந்தது, லேப்டாப் ஊமையாக இருந்தது. "இரண்டு கிடைக்கவில்லை" என்ற வரி திரையில் நின்றது, அண்ணி கடைக்குப் போயிருந்தாள், அதைப் பார்க்க அந்த வீட்டில் கண் இருந்தது எனக்கு மட்டும்தான். இன்னும் ஆகலையா பாப்பா என்று அண்ணன் இரண்டு தடவை கேட்டுவிட்டான்.

ஒரு வரி டைப் செய்தேன். மூன்றுக்கு இரண்டு என்று பெயர் வைத்தேன். குரல் உடனே பேசியது. மாணவியின் கட்டுரையை அண்ணன் கேட்டான், திருத்தினான், நான் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினேன். இன்றைக்கு மட்டும், நாளைக்கு ஒழுங்காகக் கட்டி அனுப்பிவிடலாம் என்று பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் அந்தக் குளிர் தேசத்துக்காரர் மடலாடல் குழுவில் எழுதியிருந்தார். இந்தியாவில் கோபக்கார அம்மா ஒருவர் இருக்கிறார், அவரைச் சமாதானப்படுத்தத்தான் எண்ணை மாற்றினேன், மற்றபடி இது வீண் சடங்கு என்று. எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. பதில் எழுத உட்கார்ந்தேன். அவர் முன்னால் செய்த மூன்று தப்பையும் தேதி வாரியாக எடுத்தேன், யார் யாருக்கு என்ன ஆனது என்று தேடிப் பிடித்தேன். திங்கள், செவ்வாய், புதன் மூன்று மதியமும் அதற்கே போயின. வியாழக்கிழமை அனுப்பினேன். நாலு பேர் பாராட்டினார்கள். அதைப் படித்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் செவ்வாய்க்கிழமை அண்ணன் போனில் பேசினான். இப்போதெல்லாம் பத்திரிகைக்காரர்கள் செய்தியை முடிக்காமலே அந்தரத்தில் விட்டுவிடுகிறார்கள் என்று குறைப்பட்டான். எந்தப் பத்திரிகைக்காரன் ஒழுங்காக எழுதுகிறான் என்று நானும் சேர்ந்து திட்டினேன். இந்த ஊரில் அந்தப் பேச்சைக் கேட்டதும் துள்ளி எழுந்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான். எனக்கு உறைக்கவே இல்லை.

அந்த வாரத்தில்தான் அவனுக்கு ஒரு வாய்ப்பு வந்திருந்தது. டவுனில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு பேச்சுப் பயிற்சிக்கு ஆள் தேடினார்கள். அவனை மரியாதையாக வெளியே அனுப்பிய பள்ளிக்கூடம் இல்லை, வேறு. தலைமை ஆசிரியை போனில் நேரடியாகவே கேட்டிருக்கிறார், பிள்ளைகள் எழுதுவதை எப்படித் திருத்துவீர்கள் என்று. டைப் செய்து அனுப்பட்டும், எதுவாக இருந்தாலும் நானே படிப்பேன், துணைக்கு யாரும் வேண்டாம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருக்கிறது. ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டுங்கள், விவரம் மெயிலில் வரும் என்றாராம். ஏழு வருஷத்துக்குப் பிறகு கரும்பலகைக்கு முன்னால் நிற்கப்போகிறேன் என்று அண்ணியிடம் பத்துத் தடவை சொல்லியிருக்கிறான்.

மெயில் வியாழக்கிழமை வந்தது. சனிக்கிழமை காலை பத்து மணி, எட்டாம் வகுப்பு, சந்தையில் சாமான் வாங்குவது பற்றிய பாடம், அசல் சான்றிதழ்கள் வேண்டும். அண்ணன் மூன்று தடவை கேட்டு மனப்பாடம் செய்துகொண்டான்.

சனிக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அண்ணி கூட வருகிறேன் என்றதையும் மறுத்துவிட்டு, ஆட்டோவில் தனியாகப் பாலம் தாண்டி டவுனுக்குப் போனான். பள்ளிக்கூடத்து கேட் பூட்டியிருந்தது. கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, திறப்பார்கள் திறப்பார்கள் என்று நடைபாதையில் நின்றான். ஆபீசுக்குப் போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. பத்தரைக்கு மேல் வாட்ச்மேன் டீ குடித்துவிட்டு வந்து, இங்கே பெயின்ட் அடிக்கிறார்கள், எல்லாரும் பிள்ளைச்சாவடிப் பக்கம் இருக்கிற புதுக் கட்டடத்தில் இருக்கிறார்கள், உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார். அங்கே போய்ச் சேரும்போது மணி பதினொன்றேகால். இன்னொருவர் வகுப்பெடுத்து முடித்து, காபியும் குடித்துக்கொண்டிருந்தார்.

மெயிலின் கடைசி வரியிலேயே போட்டிருந்தோமே என்றாராம் தலைமை ஆசிரியை. இல்லை, நான் முழுசாகப் படித்தேன் என்று இவன் சொன்னானாம். அவர் குரலை உயர்த்தவே இல்லையாம்.

"சார், ஒரு மெயிலயே கடைசி வரைக்கும் படிக்க முடியலன்னா, முப்பது பிள்ளைங்க எழுதுறத எப்படிப் படிப்பீங்க?"

இதை அண்ணன் எனக்குப் போனில் சொன்னபோது நான் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவை வாயில் வந்தபடி திட்டினேன். மெயிலை எனக்கு அனுப்பு, என்ன போட்டிருக்கிறார்கள் என்று நான் பார்க்கிறேன், விடக்கூடாது என்றேன். அனுப்பினான். ஆறு வரி. ஆறாவது வரியில் புதுக் கட்டடத்தின் முகவரி இருந்தது. ஐந்து வரிதான் கேட்டேன் என்று அவன் போனில் சத்தியம் செய்துகொண்டிருந்தான்.

கத்தியை அப்படியே போட்டுவிட்டு அரியாங்குப்பத்துக்குப் போனேன். லேப்டாப்பைத் திறந்தேன். நான் போட்ட லிங்க் ஞாயிற்றுக்கிழமைத் தேதியோடு அங்கேயே உட்கார்ந்திருந்தது. இரண்டில், மொத்தம் எத்தனை வரி என்ற கணக்கு ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருந்தது. மூன்றில் அந்த இடத்தில் கடைசி வரியின் எண் இருக்கிறது. புரோகிராம் எழுதுகிறவர்கள் பூஜ்யத்திலிருந்து எண்ணுவார்கள், அதனால் ஆறாவது வரியின் எண் ஐந்து. படிக்கிற புரோகிராம் அதையே மொத்தம் என்று எடுத்துக்கொண்டு, ஐந்து வரியைப் படித்துவிட்டு நிறுத்தியிருக்கிறது. ஆறு நாளாக அந்த வீட்டில் படிக்கப்பட்ட ஒவ்வொன்றிலும் ஒரு வரி குறைந்திருக்கிறது. பெரும்பாலும் கடைசி வரியில் நன்றி, இப்படிக்கு என்றுதான் இருக்கும், அதனால் அதுவரை நஷ்டம் தெரியவில்லை.

பழக்கதோஷத்தில் முதலில் அந்தக் குளிர் தேசத்துக்காரரைத்தான் திட்டினேன். திட்டிக்கொண்டிருக்கும்போதே நாக்கு நின்றுவிட்டது. அவர் இந்தத் தடவை நான் கேட்டதைச் செய்திருந்தார். புரோகிராமும் நிற்க வேண்டிய இடத்தில் நின்றிருந்தது. இரண்டு வருஷம் வரிந்துகட்டிக்கொண்டு நான் சண்டை போட்டு வாங்கியது முதல் நாளே சரியாக வேலை செய்திருக்கிறது, அதன் வாயை அடைத்து, தெரிந்த மாதிரிப் பேசு என்று உள்ளே அனுப்பியவள் நான். மற்றவர்களை எதற்காகக் கிழித்தேனோ அதையே என் அண்ணனுடைய கணினியில் செய்துவிட்டு, எதிராளியின் பழைய தப்புகளுக்குத் தேதி போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு என்னையே அறையலாம் போலிருந்தது.

அவனிடம் சொன்னேன். மழுப்பாமல், ஞாயிற்றுக்கிழமை என்ன டைப் செய்தேன் என்பது வரை சொன்னேன். வெள்ளைச் சட்டையை இன்னும் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

"அன்னிக்கு அது பேசாமலே இருந்திருந்தா பக்கத்து வீட்டு அக்காவ கூப்ட்டு மெயில படிக்கச் சொல்லியிருப்பேன். அது பேசிச்சி பாப்பா. பேசினத நம்பிட்டேன்."

அன்று சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கட்டி முடித்தேன். லிங்கை அழித்தேன். அதற்குப் பிறகும் கை சும்மா இருக்கவில்லை. தலைமை ஆசிரியைக்கு ஒரு மெயில் எழுதினேன். என் அண்ணன் படித்தது உண்மை, கருவி ஒரு வரியை விழுங்கிவிட்டது, அது அவனுடைய குறை இல்லை, நான் செய்த கோளாறு, அதைச் சரிசெய்துவிட்டேன், அவனுக்கு இன்னொரு நாள் கொடுங்கள் என்று கேட்டேன். என் வாழ்க்கையில் நான் கெஞ்சி எழுதிய ஒரே மெயில் அதுதான்.

இரண்டு நாளில் பதில் வந்தது. வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி சொல்லியிருந்தார். அந்தக் கருவி எப்போது ஒரு வரியை விழுங்கும் என்பது உங்கள் அண்ணனுக்கே தெரியாது என்பதைத்தான் உங்கள் கடிதமும் சொல்கிறது, பிள்ளைகளின் மதிப்பெண் விஷயத்தில் நாங்கள் அந்த ஆபத்துக்கு இடம் கொடுக்க முடியாது என்று எழுதியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணிருக்கிற வாத்தியார்கள் எத்தனை பேர் கடைசி வரி வரை படிக்கிறார்கள் என்று கேட்டு ஒரு பதில் எழுதினேன். அனுப்பவில்லை. அந்த அம்மாவின் மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. கண்ணில்லாதவன் ஒரே ஒரு தடவை சறுக்கினால் போதும் என்று காத்திருந்த மாதிரிதான் எனக்குப் படுகிறது. ஆனால் அவர் கையில் அந்தச் சறுக்கலைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தானே.

இப்போது அந்த லேப்டாப்பில் எந்தக் கோளாறும் இல்லை. நூறு விதமான மெயிலை ஓடவிட்டுப் பார்த்துவிட்டேன், ஒரு வரிகூட விழவில்லை. அண்ணனிடமும் அதைச் சொன்னேன். சரி பாப்பா என்றான். ஆனால் ஏதாவது முக்கியமான மெயில் வந்தால் முழுசாகக் கேட்டுவிட்டு, எனக்கும் அனுப்பிவிட்டு, போன் போடுகிறான். ஆய்வகத்தில் எத்தனை வேலை இருந்தாலும் நான் எடுத்துவிடுவேன். எத்தனை வரி என்று கேட்பான். எண்ணிச் சொல்வேன். கடைசி வரியில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்பான். வாசித்துக் காட்டுவேன். ஆமாம், எனக்கும் அதேதான் சொன்னது என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவான்.